பூச்சி மருந்து பிடிக்கும் இடம் எது?

விருத்தாசலம் பொம்மை அச்சு சொல்லும் பாடம். வேலூர் ஆய்வுக்கூடம் தேடிய விடை

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள்.

வரிசை வரிசையாக வெள்ளை அச்சுகள் இருக்கும். எல்லாம் 'பிளாஸ்டர் ஆப் பாரிஸ்' மாவினால் செய்தவை. அச்சின் வாயில் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். கூழில் உள்ள தண்ணீரை அச்சு உறிஞ்சிக் கொள்கிறது. உட்சுவரை ஒட்டி மண் படிகிறது, மெல்ல இறுகுகிறது. மீதிக் கூழை வெளியே கொட்டி விடுகிறார்கள். சற்று நேரம் கழித்து அச்சைப் பிரித்தால், உள்ளே அழகான பொம்மை!

பொம்மை காய்ந்து சூளைக்குப் போகிறது. அச்சு அடுத்த பொம்மைக்குத் தயாராகி விடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. அந்த அச்சின் மீது ஒரு துளி மெழுகு பட்டு விட்டால் என்ன ஆகும்?

வெளிப்புறத்தில் பட்டால் கவலை இல்லை. பொம்மை எப்போதும் போல வரும். ஆனால் உட்குழியில், பொம்மையின் முகம் வரவேண்டிய இடத்தில் மெழுகு பட்டால்? அந்த இடம் தண்ணீரை உறிஞ்சாது. மண் பிடிக்காது. பொம்மை பாழ்!

ஆக, அச்சு முழுவதும் ஒரே மாவுதான். ஆனாலும் எல்லா இடமும் சமம் இல்லை. வேலை நடக்கும் இடம் வேறு. சும்மா இருக்கும் இடம் வேறு.

நம் உடம்புக்குள்ளும் இப்படிப்பட்ட குழிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் 'மெழுகு' பட்டால் பாழாவது பொம்மை இல்லை. உயிர்!

நரம்பின் தூதன்

கையை மடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நரம்பு உடனே தசைக்கு உத்தரவு அனுப்புகிறது. அந்த உத்தரவைக் கொண்டு போகும் தூதனின் பெயர் 'அசிட்டைல்கோலின்'. அது ஒரு ரசாயனப் பொருள்.

தூதன் வந்து சொன்னதும் தசை சுருங்குகிறது. சொல்லி முடித்த தூதன் அங்கேயே நிற்கக் கூடாது. நின்றால் தசை சுருங்கிக் கொண்டே இருக்கும். ஆகையால் அவனை உடனே அப்புறப்படுத்த ஒரு காவலன் இருக்கிறான். அந்தக் காவலனுக்கு 'அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்' என்று பெயர்.

இது ஒரு என்சைம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'நொதி' என்று சொல்வார்கள். உடம்பில் நடக்கும் ரசாயன வேலைகளை விரைவாகச் செய்து முடிக்கும் புரதத்துக்குத்தான் என்சைம் என்று பெயர்.

பட்டறை அச்சு பொம்மையை உருவாக்குகிறது. இந்த என்சைமோ தூதனை வெட்டுகிறது. ஆனால் இரண்டுக்கும் வேலை நடப்பது உட்குழியில்தான். ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான தூதர்கள் அந்தக் குழிக்குள் விழுந்து துண்டாகிறார்கள்!

காவலன் செத்தால்...

விருத்தாசலம் பீங்கான் ஊர் மட்டும் அன்று. சுற்றிலும் முந்திரிக் காடுகள், நிலக்கடலை வயல்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கிறது.

முந்திரி பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு வரும். தண்டுத் துளைப்பான் மரத்தையே குடையும். விவசாயி மருந்து தெளிப்பானைத் தோளில் மாட்டிக் கொள்கிறார்.

பூச்சி மருந்துகளில் ஒரு பெரிய குடும்பம் உண்டு. 'ஆர்கனோ பாஸ்பரஸ்' என்று பெயர். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், பாரத்தியான் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இவை பூச்சியின் காவல் என்சைமைப் பிடித்துக் கொல்லுகின்றன. ஆனால் பூச்சிக்கு உள்ள அதே காவலன்தான் மனிதனுக்கும் இருக்கிறான். மருந்துக்கு ஆள் தெரியாது!

காவலன் செயல் இழந்தால் தூதர்கள் கூட்டம் கூட்டமாகத் தேங்கி விடுவார்கள். வாயில் எச்சில் ஊறும். கண்ணீர் வழியும். வேர்வை கொட்டும். வாந்தி, பேதி, வயிற்று வலி வரும். கண்ணின் பாவை ஊசி முனை போலச் சுருங்கும். தசைகள் துடிக்கும். கடைசியில் மூச்சு விடும் தசையே ஓய்ந்து போகும்.

1958-ம் ஆண்டு கேரளத்தில் இது நடந்தது. கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் கலந்து விட்டது. அதைச் சாப்பிட்டவர்களில் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

2013-ம் ஆண்டு ஜூலை மாதம் பீகாரில் மறுபடியும் நடந்தது. சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. 23 குழந்தைகள் மாண்டார்கள்.

574 எழுத்தில் எது முக்கியம்?

இந்த விஷம் என்சைமின் எந்த இடத்தைப் பிடிக்கிறது? அது தெரிந்தால்தானே விடுவிக்க வழி தேடலாம்?

இங்கேதான் விஞ்ஞானிகளுக்குப் பெரிய சோதனை காத்திருந்தது.

புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகளுக்கு 'அமினோ அமிலங்கள்' என்று பெயர். மொத்தம் 20 வகை. நம்முடைய 247 எழுத்துக்களைக் கொண்டு எத்தனையோ சொற்களை எழுதுகிறோம் அல்லவா? இயற்கை இந்த 20 எழுத்துக்களைக் கொண்டே உடம்பின் புரதங்களை எழுதி விடுகிறது.

காவல் என்சைமுக்கு ஒரு தம்பி உண்டு. அது கல்லீரலில் உண்டாகி ரத்தத்தில் ஓடுகிறது. 'சூடோ கோலினெஸ்டரேஸ்' என்று பெயர். பூச்சி மருந்து விஷம் தம்பியையும் பிடிக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, இந்தத் தம்பி எந்த அளவுக்கு வேலை செய்கிறான் என்று சோதிக்கிறார்கள். அளவு மிகவும் குறைந்திருந்தால் டாக்டருக்குச் சந்தேகம் உறுதியாகும்.

தம்பியின் ஒரு சங்கிலியில் 574 கண்ணிகள்! நான்கு சங்கிலிகள் சேர்ந்தது ஒரு என்சைம். இதில் எந்தக் கண்ணி வெட்டும் வேலையைச் செய்கிறது? எது வெறும் சுவர்? சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரியாது.

மெழுகு தடவும் தந்திரம்

அப்போதுதான் ரசாயன விஞ்ஞானிகள் ஒரு தந்திரத்தைக் கையாண்டார்கள். நாம் முதலில் பார்த்த அதே மெழுகுத் தந்திரம்!

சில வகை அமினோ அமிலங்களின் மீது போய் ஒட்டிக் கொள்ளும் ரசாயனப் பொருள்கள் உண்டு. ஒன்று ஹிஸ்டிடின் மீது ஒட்டும். இன்னொன்று டிரிப்டோபேன் மீது ஒட்டும். வேறொன்று லைசின் மீது ஒட்டும். ஒரு குழாயில் தூய்மையான என்சைமை எடுத்துக் கொள்ள வேண்டும். அதில் இந்த ரசாயனத்தில் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பிறகு என்சைம் வேலை செய்கிறதா என்று அளக்க வேண்டும்.

வேலை குறையவில்லை என்றால், மெழுகு அச்சின் வெளிப்புறத்தில் பட்டது என்று வைத்துக் கொள்ளலாம். வேலை நின்று போனால்? உட்குழியில் பட்டிருக்கலாம்.

'பட்டிருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். மெழுகின் கனத்தால் அச்சே கோணிப் போயிருக்கக் கூடும் அல்லவா? ஆகையால் இன்னொரு சோதனையும் தேவைப்பட்டது.

அச்சு நிறையக் களிமண் கூழை ஊற்றி வைத்துக் கொண்டு, அதன் பிறகு மெழுகைத் தடவிப் பாருங்கள். குழிதான் நிறைந்து விட்டதே! மெழுகு உள்ளே போக முடியாது. அதுபோல, என்சைமுக்கு உரிய பொருளை முன்கூட்டியே கொடுத்து வைக்கிறார்கள். அது குழியில் உட்கார்ந்து கொள்கிறது. பிறகு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். இப்போது என்சைம் பிழைத்துக் கொண்டால் விஷயம் ஏறக்குறைய வெளிச்சமாகி விடும். ரசாயனம் முன்பு தாக்கியது குழியைத்தான்!

போரில் பிறந்த தடயம்

இந்தத் தந்திரத்துக்குப் பெரிய வெற்றி கிடைத்தது ஒரு கொடிய பொருளால்.

1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்டு ஷ்ராடர் என்ற ரசாயன நிபுணர் புதிய பூச்சி மருந்து தேடிக் கொண்டிருந்தார். அவர் கையில் 'டாபுன்' என்ற நச்சுப் பொருள் அகப்பட்டது. அது போர்க்கருவியாகவே தயாரிக்கப்பட்டது. அதற்கு உறவான இன்னொரு பொருள் 'டி.எப்.பி.'

1949-ல் அமெரிக்காவில் ஜான்சன், பால்ஸ் முதலிய விஞ்ஞானிகள் இந்த டி.எப்.பி.யை 'கைமோடிரிப்சின்' என்ற ஜீரண என்சைமில் சேர்த்துப் பார்த்தார்கள். ஆச்சரியம்! ஒரு என்சைமுக்கு ஒரே ஒரு டி.எப்.பி. ஒட்டியது. அவ்வளவுதான், என்சைம் முற்றிலும் நின்று விட்டது.

அது ஒட்டிய இடம் 'செரீன்' என்ற அமினோ அமிலம் என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. அந்த என்சைமில் செரீன் பல இருந்தும், குழிக்குள் இருந்த ஒன்றே ஒன்றைத்தான் விஷம் பிடித்தது! நரம்பின் காவலனிலும் விஷம் பிடிக்கும் இடம் ஒரு செரீன்தான் என்று பின்னர் உறுதியாயிற்று.

வேலூரில் நடந்த தேடல்

செரீன் தெரிந்து விட்டது. ஆனால் அது தனியாகவா வேலை செய்கிறது? கூட்டாளிகள் யார்?

இந்தக் கேள்வியை நம் தமிழ்நாட்டிலேயே இருவர் ஆராய்ந்தார்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் தோற்றுவித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு ரசாயன ஆய்வுக்கூடத்தில் அந்த வேலை நடந்தது. ஆராய்ந்தவர்கள் ஆர்.பூபதியும் ஏ.எஸ்.பாலசுப்பிரமணியனும். 1985-ல் ஐரோப்பிய விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் அவர்களுடைய முடிவுகள் வெளிவந்தன.

அவர்கள் எடுத்துக் கொண்டது மனித ரத்தத்தில் உள்ள அந்தத் தம்பி என்சைமைத்தான். அதைத் தூய்மைப்படுத்தி, ஒவ்வொரு ரசாயனமாகச் சேர்த்துப் பார்த்தார்கள்.

டிரிப்டோபேன் மீது ஒட்டும் ரசாயனத்தைச் சேர்த்தார்கள். என்சைம் நின்றது!

ஹிஸ்டிடின் மீது ஒட்டும் ரசாயனத்தைச் சேர்த்தார்கள். நின்றது!

லைசின் மீது ஒட்டும் ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அப்போதும் நின்றது!

சிஸ்டீன் மீது ஒட்டும் ரசாயனத்தைச் சேர்த்தார்கள். என்சைம் அசையவில்லை, தன் வேலையைச் செய்து கொண்டே இருந்தது.

பிறகு பாதுகாப்புச் சோதனை. என்சைமுக்கு உரிய 'பியூட்டிரைல்கோலின்' என்ற பொருளை முதலில் கொடுத்து விட்டு, அதன் பின் ரசாயனத்தைச் சேர்த்தார்கள். என்சைம் பிழைத்துக் கொண்டது!

இன்னொரு விந்தையும் தெரிந்தது. அர்ஜினின் மீது ஒட்டும் ரசாயனத்தைச் சேர்த்தபோது என்சைம் நிற்கவில்லை. முன்பைவிட அதிகமாகவே வேலை செய்தது!

இந்த என்சைமுக்கு வேறு ஒரு சிறு வேலையும் தெரியும். டிரிப்டோபேன், ஹிஸ்டிடின், லைசின் ஆகியவற்றைத் தொட்டால் இரண்டு வேலையும் சேர்ந்தே நின்றன. ஆகவே இரண்டு வேலைக்கும் இந்த மூன்று வகையிலும் ஒன்றோ பலவோ அவசியம் என்று அவர்கள் அடக்கமாக எழுதினார்கள். சங்கிலியில் எத்தனையாவது கண்ணி என்று சொல்ல அப்போது வழி இல்லை.

படம் சொன்ன சாட்சி

1987-ல் அந்த என்சைமின் 574 கண்ணிகளும் வரிசையாகப் படிக்கப்பட்டன. 1991-ல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தார், மின்சாரம் பாய்ச்சும் கடல் மீன் ஒன்றிலிருந்து எடுத்த அண்ணன் என்சைமை எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்து, அதன் உருவத்தை வரைந்து விட்டார்கள். 2003-ல் மனிதனின் தம்பி என்சைமுக்கும் படம் வந்தது.

படத்தில் ஓர் ஆழமான குழி தெரிந்தது. அதன் அடியில் 198-வது கண்ணியான செரீன். அதன் பக்கத்தில் 438-வது கண்ணியான ஹிஸ்டிடின். குழிக்குள் வரும் பொருளைப் பிடித்து உட்கார வைக்கும் இடத்தில் 82-வது கண்ணியான டிரிப்டோபேன்!

82 எங்கே, 438 எங்கே? சங்கிலியில் அவை தொலைவில் இருக்கின்றன. ஆனால் புடவையை மடித்து வைத்தால் முந்தானையும் உள்தலைப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விடுகின்றன அல்லவா? புரதமும் அப்படித்தான் மடிந்து கொள்கிறது.

குழியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, ரசாயனத்தைத் தடவிப் பார்த்து ஹிஸ்டிடினையும் டிரிப்டோபேனையும் சுட்டிக் காட்டியது வேலூர்!

விடுவிக்கும் கொக்கி

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்?

விஷம் செரீனைப் பிடிக்கிறது என்று தெரிந்ததும், அந்தப் பிடியை இழுத்து விடும் பொருளைத் தேட முடிந்தது. 1955-ல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் வில்சன் அப்படி ஒரு பொருளைக் கண்டார். அதன் ஒரு முனை தூதனைப் போலவே குழியில் போய் உட்காரும். மறுமுனை விஷத்தைக் கொக்கி போட்டு இழுக்கும். அதுதான் 'பிராலிடாக்சிம்'. ஆஸ்பத்திரிகளில் 'பாம்' என்று சொல்வார்கள்.

ஆனால் இதற்கு ஒரு கெடு உண்டு. விருத்தாசலம் தொழிலாளிக்கு அதை விளக்கவே வேண்டாம். வேகாத பச்சை மண் பொம்மை தண்ணீரில் கரையும். சூளையில் வெந்த பொம்மை கரையுமா? செரீனில் ஒட்டிய விஷமும் நேரம் ஆக ஆக அப்படித்தான் இறுகி விடுகிறது. சில மருந்துகளில் சில மணி நேரத்திலேயே இறுகி விடும். வேறு சிலவற்றில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இறுகிய பிறகு கொக்கியால் பயன் இல்லை. உடம்பு புதிய என்சைமை உண்டாக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிராலிடாக்சிம் எல்லோரையும் காப்பாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் நடந்து, 2006-ல் வெளிவந்த ஆய்வில் அதிக அளவு மருந்து நல்ல பலன் தந்தது. இலங்கையில் நடந்து, 2009-ல் வெளிவந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பது டாக்டரின் தீர்மானம். தூதனின் கூச்சலை அடக்கும் 'அட்ரோபின்' ஊசியும், மூச்சுக்கு உதவும் கருவியும்தான் இன்றைக்கும் முதல் துணை.

கோவையில் கண்ட ஒரே எழுத்து

வேலூரில் ஆராய்ச்சி செய்த பூபதி பிற்காலத்தில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கே அவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2006-ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். நம் நாட்டின் வைசிய சமூகத்தாரில் சிலருக்கு இந்தத் தம்பி என்சைம் ரத்தத்தில் வேலை செய்வதில்லை. காரணம், 307-வது கண்ணியில் 'லியூசின்' இருக்க வேண்டிய இடத்தில் 'புரோலின்' இருக்கிறது. 574-ல் ஒன்று மாறியது, என்சைம் போயிற்று!

இவர்கள் மற்றபடி ஆரோக்கியமானவர்களே. ஆனால் ஆபரேஷனுக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் 'சக்சினைல்கோலின்' என்ற மருந்தை இந்த என்சைம்தான் கரைக்கிறது. அது இல்லாதவருக்கு மூச்சு திரும்ப நெடுநேரம் ஆகும். ஆகவே குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பின் அப்படி நேர்ந்திருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பூச்சி மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தனியாகப் பூட்டி வையுங்கள்.

மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயோ, மாவோ, தண்ணீரோ வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வைக்காதீர்கள். மருந்தைக் குடிதண்ணீர்ப் புட்டியில் ஊற்றியும் வைக்காதீர்கள்.

இந்த விஷம் தோல் வழியாகவும் உள்ளே போகும். தெளிக்கும்போது முழுக்கைச் சட்டையும், கையுறையும், முகமூடியும் அணிய வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, துணியைத் தனியே துவைக்க வேண்டும்.

யாருக்காவது விஷக்குறி தெரிந்தால், மருந்து பட்ட உடையைக் கழற்றி விடுங்கள். உதவி செய்கிறவர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உடம்பைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மோர், எண்ணெய், உப்புத் தண்ணீர் என்று எதையும் புகட்டாதீர்கள்.

108-க்குப் போன் செய்யுங்கள். மருந்து டப்பாவை அதன் சீட்டோடு பத்திரமாகக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டரின் வேலை எளிதாகும்.

மந்திரிக்கவோ, கை வைத்தியம் பார்க்கவோ நேரம் போக்காதீர்கள். மண் பச்சையாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்ற வேண்டும். சூளையில் வெந்த பிறகு ஊற்றி என்ன பயன்?